மனப்பாடம் கைகொடுக்காத பாடம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி.

"சார், பிள்ளை போன் பண்ணி அழுவுது. ஏதோ ஒரு பாடத்துல நூத்துக்கு இருபத்தி மூணுதான் வாங்கியிருக்காம். நமக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது போலிருக்கு. கூட்டிக்கிட்டு வந்துடவா?" என்று கேட்டார்.

அவளை அழ வைத்த பாடத்தின் பெயர் உயர்நிலைக் கரிம வேதியியல். அதைப் படிக்கும் பிள்ளைகள் என்ன பாடு படுகிறார்கள், வீட்டில் இருக்கும் நாம் அவர்களுக்கு எப்படித் துணை நிற்கலாம் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கரிமம் என்பது அடுப்புக்கரியில் இருக்கும் பொருள்தான். ஒவ்வொரு கரிம அணுவுக்கும் நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைகளால் அது மற்ற அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. தன் இனத்தோடும் கைகோத்து நீண்ட சங்கிலியாகிறது. சோறு, துணி, செம்பனை எண்ணெய், பால்மரத்தின் பால் எல்லாவற்றிலும் இந்தச் சங்கிலிகள் உண்டு. பாலை உறைய வைக்கும் ஆசிட்டும் ஒரு கரிமப் பொருளே. பார்மிக் அமிலம் என்பது அதன் பெயர். எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. முதலில் அதை எறும்புகளிலிருந்துதான் வடித்தெடுத்தார்கள்.

இந்தப் பாடம் ஏன் கடினம்? நம் காட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ரப்பர், ஐசோப்பிரீன் என்ற சிறு துண்டு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. ஒவ்வொரு துண்டிலும் 5 கரிம அணுக்கள், 8 ஹைட்ரஜன் அணுக்கள். மலாயாக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பாலிலும் அதே துண்டுகள்தாம், அதே அணுக்கள்தாம். ஆனால் ரப்பர் இழுத்தால் நீள்கிறது. தாபான் பிசினோ கட்டையைப் போல் இறுகிவிடுகிறது. 1851ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அந்தப் பிசின்தான் உறையாக இருந்தது. வேறுபாடு எங்கே? ஒவ்வொரு துண்டிலும் சங்கிலி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் மட்டுமே. ரப்பரில் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிய முடியாமல் சுருண்டு கிடக்கின்றன. தாபானில் அடுக்கிய விறகுபோல் நெருங்கிப் படிகின்றன.

ஆகவே எத்தனை அணு என்று எண்ணினால் போதாது. அவை எப்படித் திரும்பி நிற்கின்றன என்பதையும் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். வலது கையும் இடது கையும் ஒரே அமைப்புத்தான்; ஆனால் வலக்கை உறை இடக்கைக்குப் பொருந்தாது. அப்படியே கார்வோன் என்ற பொருளுக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று புதினாவைப் போல் மணக்கும். மற்றது சீமைச் சோம்பைப் போல் மணக்கும்.

உயர்நிலை வகுப்பில் இதோடு விடமாட்டார்கள். ஒரு பெரிய மூலக்கூற்றின் படத்தைக் கொடுத்து, "இதை எப்படிச் செய்வாய்?" என்று கேட்பார்கள். கல்யாண வீட்டில் நாம் முகூர்த்த நாளைக் குறித்துவிட்டு, அதற்கு முன் பந்தல், அதற்கு முன் பத்திரிகை என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவோம் அல்லவா? அதுபோல முடிவிலிருந்து தொடக்கத்திற்குப் பின்னோக்கி வர வேண்டும். இந்த முறையை வகுத்துத் தந்த அமெரிக்க அறிஞர் கோரிக்கு 1990ல் நோபல் பரிசு கிடைத்தது. பார்க்காத கேள்விக்கு விடை கண்டுபிடிக்கும் இந்த இடத்தில்தான் எங்கள் மாணவி தடுமாறினாள். நூற்றுக்கணக்கான வினைகளை அவள் வரி பிசகாமல் மனனம் செய்திருந்தாள். கேள்வித்தாளில் இருந்தவையோ அவள் பார்த்தேயிராத படங்கள்.

நேயர்களே, இதில் எனக்கும் பங்கு உண்டு. தோட்டத்து மாலை வகுப்பில், "ஏன் எதற்கு என்று கேட்காதே, அப்படியே மனப்பாடம் செய், மார்க்கு வரும்" என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். மார்க்கும் வந்தது. மூன்றாம் ஆண்டு வரையில் அது கைகொடுத்தது, அதற்குமேல் கைவிட்டுவிட்டது.

இதை அந்தத் தந்தையிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு, "அண்ணே, நீங்கள் பால் வெட்ட எப்படிப் பழகினீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. "பட்டை மெல்லிசா மிஞ்சணும் சார். உளி ஆழமாப் போனா மரத்துல காயம் பட்டு, அந்த இடம் முண்டு முண்டாப் போயிடும். முதல் மாசம் எத்தனை மரத்தைக் காயப்படுத்தினேனோ! மண்டோர் திட்டுவாரு. ஆனா வீட்டுக்கு அனுப்பல" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். மகளை அழைத்து வரும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

அந்தப் பருவத்தில் அவள் தேறவில்லை. மறு ஆண்டு அதே பாடத்தை மீண்டும் எடுத்தாள். இம்முறை வெட்கத்தை விட்டு விரிவுரையாளரின் அறைக்குச் சென்று சந்தேகம் கேட்டாள். ஒரு மலாய்த் தோழியும் ஒரு சீனத் தோழியும் சேர்ந்துகொண்டார்கள். தினமும் வெற்றுத்தாளில் படம் வரைந்து, "இந்த அணு ஏன் அங்கே போகிறது?" என்று மூவரும் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். தமிழில் தொடங்கி, மலாயில் தொடர்ந்து, ஆங்கிலத் தடித்த நூலுக்கு வந்தவள் அவள். தொடக்கத்தில் பாதி நேரம் அகராதிக்கே போனது என்று பின்னர் என்னிடம் சொன்னாள்.

ஆய்வுக்கூடமும் பொறுமையைச் சோதிக்கும் இடம். ஒவ்வொரு படியிலும் 100க்கு 80 பங்கு கிடைத்தாலும், ஐந்து படி தாண்டும்போது சுமார் 33 பங்குதான் மிஞ்சும். நாளெல்லாம் நின்று செய்த கரைசலில் படிகம் விழாமல் போவதும் உண்டு. அப்போது கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்புறத்தை மெல்லச் சுரண்டுவார்கள். சில வேளை அந்தக் கீறலிலிருந்து படிகம் பூக்கத் தொடங்கும். முதன்முறை அதைக் கண்ட இரவு, அவள் வீட்டுக்குப் போன் செய்து சிரித்தாளாம்.

இரண்டாம் முறை தேறினாள். இன்று ஒரு பரிசோதனைக் கூடத்தில் செம்பனை எண்ணெயின் தரத்தை ஆராயும் வேலையில் இருக்கிறாள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை என்ன படிக்கிறது என்று உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். அதனால் குறையில்லை. "எத்தனை மார்க்கு?" என்பதோடு நிறுத்தாமல், "இன்று என்ன கற்றாய், எனக்குச் சொல்" என்று கேளுங்கள். சொல்லிப் பார்க்கும்போதுதான் புரியாத இடம் பிள்ளைக்கே தெரியவரும். தேர்வு நேரத்தில் காதுகுத்து, திருமணம் என்று ஊருக்கு அழைக்காதீர்கள். ஒரு தாளில் தவறினால் படிப்பே முடிந்ததென்று முடிவுகட்டாதீர்கள்.

நானும் மாறிவிட்டேன். என் வகுப்பில் இப்போது "ஏன் சார்?" என்று கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்வதில்லை.