மாதத்திற்கு நான்கு வாரமா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வெறும் கூட்டல் கழித்தல் சங்கதிதான். இதற்கு ஒரு பிரசங்கமா என்று சிலர் நகைக்கலாம். நகைத்துவிட்டுக் கேளுங்கள்.

மாதத்திற்கு எத்தனை வாரம் என்று யாரைக் கேட்டாலும் நான்கு என்கிறோம். நான்கு வாரம் 28 நாள். பிப்ரவரி ஒன்றைத் தவிர வேறு எந்த மாதம் 28 நாளில் முடிகிறது? 365 நாளை 7-ஆல் வகுத்தால் 52 வாரமும் ஒரு நாளும் வரும். 48 வாரம் அல்ல.

இதில் என்ன மோசம் என்கிறீர்களா? வாரத் தவணை 500 ரூபாய் என்று ஒரு தாய் கடன் வாங்குகிறார். மாதம் 2,000, வருஷம் 24,000 என்று மனக்கணக்குப் போடுகிறார். கட்டுவதோ 26,000. அந்த 2,000 ரூபாயை யாரும் திருடவில்லை. நாமே நம்மை ஏமாற்றிக்கொண்டோம்.

இந்தக் கரையிலே இன்னும் பெரிய கணக்கு ஒன்று உண்டு. இழுவைப் படகுகளுக்கு 2001 முதல் 45 நாளாக இருந்த மீன்பிடித் தடை, 2017 முதல் 61 நாளாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நாமோ இரண்டு மாதம், எட்டு வாரம் என்கிறோம். எட்டு வாரம் 56 நாள்தானே? 2023-இல் மண்டபத்து மீனவர் மாநாட்டில், தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக்கப்படும் என்று அறிவித்தார்கள். வாரம் ஆயிரம் என்று செலவழித்த வீட்டில் கடைசி ஐந்து நாள் அடுப்பு எப்படி எரியும்? 61-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய், வாரத்திற்கு 918 ரூபாய்தான். இது ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. அதைச் சர்க்காரிடம் கேட்க வேண்டியதுதான். ஆனால் கேட்கப் போகிறவனுக்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

தடை நீங்கினாலும், பாக் நீரிணையில் வாரத்திற்கு மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். 365-இல் 61 போனால் 304 நாள். அது 43 வாரமும் 3 நாளும். மும்மூன்றாகப் பார்த்தால் விசைப்படகுக்கு ஏறக்குறைய 130 நாள். புயல் எச்சரிக்கையும் இயந்திரப் பழுதும் இதிலிருந்தே போக வேண்டும். கடனோ 52 வாரமும் வாசலில் நிற்கிறது.

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்திரையும் வைகாசியும் பெரும்பாலும் 31 நாள், ஆனி சில வருஷம் 32, மார்கழி பெரும்பாலும் 29. இது கிரகக் கோபம் அல்ல. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அதிக தூரத்தில் இருந்து மெதுவாகச் செல்கிறது. ஜனவரியில் நெருங்கி வேகமாகச் செல்கிறது. கீழக்கரை முஸ்லிம் தோழர்கள் பிறை பார்த்து எண்ணும் வருஷமோ 354 நாள். ஆகவே 'ஒரு மாதத் தவணை' என்றால் எந்த மாதம் என்று கேளுங்கள்.

இராகு காலம் தினம் ஒன்றரை மணி. முப்பது நாளைக்கு 45 மணி. வருஷத்திற்கு 547½ மணி, அதாவது கிட்டத்தட்ட 23 முழு நாள். தினம் ஒன்றரை மணியைத் தவறாமல் எண்ணத் தெரிந்த நமக்கு, 52 வாரத்தை எண்ண மட்டும் நேரமில்லை!

2025-இல் தடை செவ்வாய்க்கிழமை தொடங்கியது. ஜூன் 9 திங்களோடு எட்டு வாரம் தீர்ந்தது. செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள் மிச்சம் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அந்தக் காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள்.