சுவர் செய்யும் காவல்

குளிர்நாட்டு இல்லங்களை வெப்பமூட்டும் கொதிகலன், பழைய நேரப்பொறியின் ஆணைப்படி குறித்த மணிக்கு எரியும். அறையின் நிலையை அப்பொறி அறியாது. இன்று அதன் இடத்தில் அமரும் கம்பியில்லாத் தெர்மாஸ்டாட், அறையின் வெப்பத்தை அளந்து, வானொலி அலை வழியே கொதிகலனை இயக்குகிறது. எரிபொருள் வீணாவது குறைகிறது.

நமக்கோ பெரும்பாலும் வெயிலே பகை. 1917இல் பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் இக்காவலைச் சுவரிடமே ஒப்புவித்தார். சுழன்றேறும் அச்செங்கற் கோபுரத்தின் துளைகள் காற்றையும் ஒளியையும் ஏற்று, கடுவெயிலைத் தணிக்கின்றன. அக்காற்றுக்கு மின்கட்டணம் இல்லை.

அயல் மாநிலங்களில் வீடு கட்டும் நாம், குளிர்ப்பொறிக்கு ஊதியத்தைச் செலவிடுமுன், அவ்வூர்க் காற்றின் திசையைக் கேட்டறிவோமாக. கருவி வேண்டா என்பதன்று. சுவர் செய்தது போக எஞ்சியதே கருவியின் வேலை.