தண்ணீர் வந்தது, சபை கூடவில்லை

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு கடந்ததும் நாடு முழுக்க ஊரடங்கு. மார்ச் 25ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறது திருமங்கலம். நான்குவழிச் சாலையில் இரவு பகலாக லாரி ஓடிக்கொண்டே இருக்கும் ஊர். அந்தச் சாலை அடங்கிப் போனது. பக்கத்திலுள்ள கப்பலூர் சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பல ஆண்டுகளாக மறியல் செய்தும் கிடைக்காததை ஒரு கிருமி வாங்கிக் கொடுத்தது. அதுவும் ஏப்ரல் 20 வரைக்கும்தான்!

அந்த நாள்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் மருத்துவர்களைச் சொல்வோம், செவிலியர்களைச் சொல்வோம், வெயிலில் நின்ற காவலர்களைச் சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஊர் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோதும் குழாயில் தண்ணீர் வந்ததே, தெருவிளக்கு எரிந்ததே, குப்பை வண்டி வந்ததே, அதையெல்லாம் நடத்தியது யார்? உள்ளாட்சி. அதைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன்.

முதலில் ஒரு விநோதம். அந்த மார்ச் மாதம் திருமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள் இருந்தார்கள். திருமங்கலம் நகராட்சியில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதே மாதம் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பிறகு தனி அலுவலர் ஆட்சிதான். மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்து, 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரகப் பகுதிக்கு மட்டும் தேர்தல் நடந்தது. 2020 ஜனவரி 6ஆம் தேதி புதிய தலைவர்கள் பதவியேற்றார்கள். நகர்ப்புறத்துக்கோ 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, திருமங்கலம் நகராட்சியின் 27 வார்டுகளும் முதல் அலை, இரண்டாம் அலை இரண்டையும் கவுன்சிலர் இல்லாமலேயே கடந்தன.

கவுன்சிலர் இல்லாத நகராட்சி எப்படி நடக்கும்? கோப்பில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆணையர் ஒரு பொருளை மன்றத்தின் பார்வைக்கு வைப்பார். மன்றத்தின் இடத்தில் இருக்கும் தனி அலுவலர் அதைப் பரிசீலித்து அனுமதிப்பார். வைத்தவரும் அனுமதித்தவரும் ஒரே ஆள், ஒரே நாற்காலி. வேலை விரைவாக நடக்கும், மறுக்கவில்லை. கிருமிநாசினி வாங்க வேண்டுமா, கூடுதல் ஆள் வைக்க வேண்டுமா, அன்றே உத்தரவு போடலாம். ஆனால் எங்கள் தெருவுக்கு ஏன் மருந்து அடிக்கவில்லை என்று கேட்க வார்டில் ஆள் கிடையாது. அப்போது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஆர்.பி. உதயகுமார், வருவாய், பேரிடர் மேலாண்மைத் துறை அமைச்சரும் அவரே. பேரிடர்த் துறை அமைச்சரின் சொந்தத் தொகுதி என்பதால் ஊருக்கு ஒரு கவனம் கிடைத்திருக்கலாம். ஆனாலும் அடைத்துக்கொண்ட சாக்கடைக்காக அமைச்சரைப் பார்க்கப் போவதா? அதற்குத்தானே கவுன்சிலர்.

கிராமத்துக்கு வருவோம்.

புதுத் தலைவர்கள் பதவியேற்று மூன்று மாதம்கூட நிறையவில்லை. பாதிக்குப் பாதி பெண்கள். 50 சதவீத இடஒதுக்கீட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அது. அப்போது தலைவருக்கு மதிப்பூதியம் மாதம் 1000 ரூபாய். ஊராட்சிக் கணக்கில் காசோலை எடுக்க வேண்டுமானால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு பேர் இந்த இரண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பது கிராமத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டை கடையில் இருக்கும், கையெழுத்து வராது. பல ஊர்களில் தலைவர்கள் கைக்காசைப் போட்டு வாங்கினார்கள். பிறகு அந்தப் பணத்தை எடுக்கப் பட்ட பாடு தனிக் கதை.

இப்போது ஒரு ஆளின் காலைப் பொழுதை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் என்று ஒருவர் இருப்பார். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டேங்க் ஆபரேட்டர், அல்லது தண்ணி திறந்துவிடுற அண்ணன். விடியுமுன் மோட்டார் போட வேண்டும். தொட்டி நிறைந்ததும் தெருவாரியாக வால்வைத் திறந்து அடைக்க வேண்டும். மேட்டுத் தெருவுக்கு முதலில் விட வேண்டும், பள்ளத்துத் தெருவுக்குக் கடைசியில். மாற்றிச் செய்தால் மேட்டில் குழாய் காற்றைத்தான் ஊதும். 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். மாதம் இருமுறை தொட்டியைக் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே பெயின்டில் எழுத வேண்டும். இதெல்லாம் எப்போதும் உள்ள வேலை. ஊரடங்கில் என்ன ஆனதென்றால், வெளியூரில் வேலை பார்த்த பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். திருப்பூரிலிருந்து வந்தார்கள், சென்னையிலிருந்து வந்தார்கள். ஒரு மணிக்கு ஒருதரம் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னது அரசு. தொட்டி அதே தொட்டி, போர்வெல் அதே போர்வெல், மாதமோ ஏப்ரல். கரிசல் பூமியில் ஏப்ரல் மாதத்துப் போர்வெல் எப்படி இருக்கும்? “என்னண்ணே, நேத்தும் பாதியிலயே நிப்பாட்டிட்டீங்க” என்று ஆறடி தள்ளி நின்று கேட்பவர்களுக்கு அந்த மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும். மோட்டார் காயில் எரிந்து போனால் கட்டிக்கொடுக்கிற பட்டறை பூட்டிக் கிடக்கிறது. கடைக்காரர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சி, பின்கதவைத் திறக்கச் சொல்லிக் காயில் கட்டி வாங்கி வந்து மாட்டிய கதைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். எந்த அரசிதழிலும் அது வரவில்லை.

குப்பை அள்ளுகிறவர்களுக்கு ஏப்ரலில் சில இடங்களில் மாலை போட்டார்கள், கால் கழுவினார்கள். கையுறையும் முகக்கவசமும் முழுசாக எல்லோருக்கும் வந்து சேர அதைவிட நாளானது. மாலையைவிடக் கையுறை மலிவு என்பதை யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

சான்றிதழ் கதை இன்னும் சிக்கலானது. பிறப்பும் இறப்பும் எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும், அதுவும் 21 நாளுக்குள். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இறந்தால் பதிவு மதுரையில். பேருந்து இல்லை. இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள்; பிரவுசிங் சென்டர் பூட்டிக் கிடந்தது. அந்த ஒரு தாள் இல்லாமல் வாரிசுச் சான்று கிடைக்காது, விதவை உதவித்தொகைக்கு மனுக்கொடுக்க முடியாது, வங்கியில் பணம் எடுக்க முடியாது. பேரிடர் நேரத்தில் அன்றாடக் காரியம் எவ்வளவு அவசரம் என்பதை இந்த ஒரு தாள் காட்டிவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசி பருப்பும் தெருவாரியாக டோக்கன் போட்டுக் கொடுத்தார்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் கட்ட ஜூன் 30 வரை அவகாசம் தந்தார்கள். மக்களுக்கு அது நிம்மதி. கஜானாவை நம்பிச் சம்பளம் போடும் நகராட்சிக்கு அது இடி. நிறுத்தி வைத்த நூறு நாள் வேலை படிப்படியாகத் தொடங்கியது. கூலி 229லிருந்து 256 ஆனது. ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை, மதுரைக் கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களுக்கு மட்டும் முழு ஊரடங்கு வந்தது. ஒரு சாலையின் இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் வேறு விதி. இரண்டாம் அலையில், 2021 மே மாதம், கடைகளை அடைத்துவிட்டுத் தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் வண்டிகளில் காய்கறி விற்றன. அதே மாதம் மதுரை அருகே தோப்பூரில் 500 ஆக்சிஜன் படுக்கைகளோடு சிகிச்சை மையம் திறந்தார்கள்.

இத்தனையும் நடந்தது. நடக்காமல் போனது ஒன்றுதான்: கிராம சபை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு இந்த நான்கு நாளும் கிராம சபை கூட வேண்டும். வரவு செலவை ஊர் முன்னால் வாசிக்க வேண்டும். பயனாளிகள் பட்டியலைச் சபை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 ஜனவரி 26இல் புதுத் தலைவர்கள் முதல் சபையை நடத்தினார்கள். அதன்பின் மே 1 இல்லை, ஆகஸ்ட் 15 இல்லை. அக்டோபர் 2க்கு நடக்கும் என்று அறிவித்து, ஏற்பாடுகள் ஆன பிறகு முதல் நாள் ரத்து செய்தார்கள். மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களுக்கு எதிராகச் சபைகளில் தீர்மானம் போட எதிர்க்கட்சிகள் கிளம்பியிருந்த நேரம் அது. அரசு சொன்ன காரணம் கொரோனா. அடுத்த ஜனவரி 26ம் அப்படியே போனது.

சட்டச் சிக்கல் இருந்தது, உண்மை. 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது என்கிறது 144. ஒரு சட்டம் நூறு பேரைக் கூப்பிடுகிறது, இன்னொரு சட்டம் ஆறாவது ஆளைப் பிடிக்கிறது. முதல் சில மாதங்களுக்கு இந்த வாதத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் 2020 மே மாதமே டாஸ்மாக் கடைகளை டோக்கன் போட்டுத் திறக்க வழி தெரிந்த அரசுக்கு, சபையைத் தெருவாரியாகக் கூட்ட வழி தெரியாமலா போகும்? 2021 ஏப்ரல் 6இல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதற்கு முன் பிரசாரக் கூட்டங்களும் நடந்தன. கணக்குக் கேட்கும் கூட்டத்துக்கு மட்டும் கிருமி கூடுதலாகப் பரவும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்? 2020 ஏப்ரலில் ஒரு விதி போட்டு, ஊர்ச் சபைகள் காணொளியில் கூடலாம் என்றார்கள். 2021 மே 6 வரை அது நடந்தது. ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூரின் சபைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கணினித் திரையிலேயே சண்டை போட்டுக்கொண்டதை உலகமே பார்த்துச் சிரித்தது. நம்ம ஊரில் வைத்திருந்தால் அதையும் தூக்கிச் சாப்பிட்டிருப்போம்! ஆனாலும் சண்டை போடுவதற்கு அங்கே ஒரு சபை இருந்தது. எல்லார் வீட்டிலும் இணையம் இல்லாத நம் கிராமங்களுக்கு அந்த முறை அப்படியே பொருந்தாதுதான். கோயில் மைக்கில் வரவு செலவை வாசித்திருக்கலாம். கணக்கைச் சுவரில் ஒட்டிவிட்டு, கேள்விகளை எழுதி வாங்கியிருக்கலாம். நூறு பேர் என்ற கணக்கை அந்த ஓராண்டுக்குத் தளர்த்தியிருக்கலாம். வழிகள் இருந்தன. முனைப்புதான் இல்லை.

கடைசியில் 2021 அக்டோபர் 2இல் சபைகள் கூடின. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அன்று கலந்துகொண்டது எந்த ஊரில் தெரியுமா? நம் மாவட்டத்துப் பாப்பாபட்டியில். 1996இலிருந்து பத்தாண்டுகள் ஒரு தலித் தலைவரை ஏற்க மறுத்து, 2006இல்தான் வழிக்கு வந்த ஊர் அது. அந்தச் சபைக்கு வந்தவர்களுக்கு முதலமைச்சரைப் பார்த்த மகிழ்ச்சி. எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. 2020 ஜனவரிக்கும் 2021 அக்டோபருக்கும் நடுவில் ஊராட்சிகள் வாங்கிய பிளீச்சிங் பவுடருக்கும், லைசாலுக்கும், கபசுரக் குடிநீர்ப் பொடிக்கும், தடுப்புக் கட்டைக்கும் ஆன செலவை அந்தச் செலவு நடந்த காலத்தில் எந்த ஊரும் சபையில் உட்கார்ந்து கேட்கவில்லை. தணிக்கையாளர் பார்த்திருப்பார். தணிக்கையாளருக்குத் தெருவில் மருந்து அடித்தார்களா என்று தெரியாது. தெருவில் குடியிருப்பவருக்குத் தெரியும்.

அன்றாட வேலை என்றால் தண்ணீரும் விளக்கும் குப்பையும் என்று நினைத்துவிடுகிறோம். கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் அதே பட்டியலில் உள்ளவைதான். தொட்டியைக் கழுவாமல் ஒரு மாதம் விடமாட்டோம். சபையைக் கூட்டாமல் இருபது மாதம் விட்டோம்.

இப்போது கொரோனா ஊரடங்கு இல்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தத் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காமல் அந்த ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்கள் கைக்குப் போயின. கிராம சபைக்கு மட்டும் தனி அலுவலர் காலத்திலும் விடுமுறை கிடையாது. உங்கள் ஊரில் அடுத்த சபை எந்த நாள், எந்த இடம் என்று பஞ்சாயத்து கிளர்க்கிடம் கேட்டு வையுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள். நூறு பேர் சேர வேண்டும்.