நூற்றுப்பத்துப் பேர் வாழும் ஊர்

(ஊராட்சி உறுப்பினர்கள், பணியாளர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சில வீடுகளே உள்ள குக்கிராமத்திற்குச் சாலையும் மருத்துவ வசதியும் கேட்கும்போது, "இவ்வளவு சிறிய ஊருக்கு இத்தனை செலவா?" என்ற கேள்வி எழுவது வழக்கம். இதனைச் சிந்திக்க, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலத்தில், டயமண்டினா ஆற்றங்கரையில் உள்ள பேர்ட்ஸ்வில் என்னும் ஊரை இன்று காண்போம்.

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்கு எல்லையில், தலைநகர் பிரிஸ்பேனிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் உள்ளது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 110. ஆறு பல மாதங்கள் ஓட்டமின்றி மடுக்களாகவே கிடக்கும். வடக்கே நெடுந்தொலைவில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும்போது சாலைகள் அடைபட்டு, ஊர் தனித்துவிடும்.

பண்டு தொட்டே இப்பகுதியில் வாங்கங்குரு, யார்லுயாண்டி மக்கள் வாழ்ந்து வருகின்றனர். பாலைவனத்திலும் நீர் கிடைக்கும் இடமறிந்து கிணறு தோண்டியவர்கள் வாங்கங்குரு மக்கள். பின்னர், 1880களில், தெற்கே ஓட்டிச் செல்லப்பட்ட மாட்டு மந்தைகளுக்குச் சுங்கம் வாங்கும் எல்லை ஊராகப் பேர்ட்ஸ்வில் வளர்ந்தது. 1901இல் குடியேற்றங்கள் ஒரே நாடாக இணையவே சுங்கம் ஒழிந்தது, ஊரும் சுருங்கிற்று. ஆயினும் அழிந்துவிடவில்லை. ஏன்?

முதலாவது, தண்ணீர். 1961இல் 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குக் குழாய்க்கிணறு தோண்டப்பட்டது. அதிலிருந்து ஏறத்தாழ 98 பாகை வெப்பத்துடன் பீறிடும் நீரை ஆறவைத்தே குழாய்களில் விடுகின்றனர். அவ்வெப்பத்தைக் கொண்டு பல ஆண்டுகள் மின்சாரமும் எடுத்தனர்.

இரண்டாவது, மருத்துவம். 1923இல் செவிலியர் நடத்திய சிறு மருத்துவமனை இங்கே தொடங்கிற்று. 1928இல் ஜான் பிளின் அவர்களின் முயற்சியால் விமான மருத்துவப் பணி குயின்ஸ்லாந்தில் பிறந்தது. மின்சாரம் இல்லாத வீடுகளிலிருந்தும் மருத்துவரை அழைக்க, ஆல்பிரட் டிரேகர் காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவியை 1929இல் அமைத்துத் தந்தார்.

மூன்றாவது, ஊராரின் பங்கு. 1882இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரை இங்கே ஈர்க்கிறது. அதன்வழித் திரளும் நிதியில் ஒரு பகுதி விமான மருத்துவப் பணிக்கு அளிக்கப்படுகிறது. பெறுவோராக மட்டும் நில்லாமல், தருவோராகவும் அவ்வூரார் விளங்குகின்றனர்.

நூற்றுப்பத்துப் பேர்தாமே என்று கைவிட்டிருந்தால், அந்நெடும்பாதையில் செல்வோர்க்கும் சுற்றியுள்ள மாட்டுப் பண்ணையினர்க்கும் தண்ணீரோ எரிபொருளோ முதலுதவியோ கிட்டியிராது. ஆதலின், ஒரு சிற்றூரின் தேவையை மதிப்பிடும்போது அங்கே வாழ்வோரை மட்டும் எண்ணினால் போதாது. அவ்வூரை நம்பியிருப்போரையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். திட்டப் பட்டியலின் கடைசியில் நிற்கும் ஊரை, இக்கணக்கை மனத்திற்கொண்டு மீண்டும் ஒருமுறை நோக்குவோமாக.