அந்தப் பையனுக்கு என்ன விலை?

(தலைப்பு: இளம் வீரர்களின் தகுதியை ஏல விலை காட்டுகிறதா? மறைக்கிறதா? "மறைக்கிறது" என்னும் அணியில் அண்ணாமலை நகரில் பேசியது.)



எதிரணித் தோழர் கையை ஓங்கி ஒரு வார்த்தை சொன்னார். "சந்தை பொய் சொல்லாது, நல்ல சரக்குக்கு நல்ல விலை"ன்னார். ஐயா, நீங்க கடலூர் துறைமுகத்துக்கு விடியற்காலையில போயிருக்கீங்களா? நான் போயிருக்கேன். முதல் படகு வந்து, வஞ்சிரம் கூடையைக் கொண்டாந்து வைச்சா, ஏலம் கூறுறவர் வாயைத் திறக்கறதுக்குள்ள விலை ஏறுது. எட்டு மணிக்குப் பத்துப் படகு ஒண்ணாச் சேர்ந்து வருது. அதே கடல், அதே வஞ்சிரம். வியாபாரி கையில காசு தீர்ந்துபோச்சு, ஐஸ் பெட்டியும் நிறைஞ்சுபோச்சு. பாதி விலைக்குக் கேக்க ஆள் இல்லை. மீன் என்னங்க பாவம் பண்ணிச்சு? (சிரிப்பு)

பையன்களை ஏலம் எடுக்கிற இடத்துலயும் கதை இதுதான். ஒவ்வொரு அணியும் இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு வரம்பு இருக்கு. முதல்ல பேர் கூப்பிட்டா பை நிறைய பணம். கடைசியில கூப்பிட்டா பை காலி. போதாக்குறைக்கு, ஏற்கெனவே ரெண்டு இடது கைப் பந்துவீச்சாளர் இருக்கிற அணி மூணாவது ஆளை ஏறிட்டும் பார்க்காது.

நம்ம சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்குங்க. 2017 ஐ.பி.எல். ஏலத்துல அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. மறு வருஷமே 40 லட்சத்துக்கு ஹைதராபாத்துக்குப் போனார். ரெண்டு வருஷம் ஒரு ஆட்டம்கூட ஆட விடலை. 2020-ல களத்துல இறக்கினாங்க, 16 விக்கெட் எடுத்தார். அந்த வருஷக் கடைசியில ஆஸ்திரேலியாவுல இந்தியாவுக்கு ஆடினார். 2024 நவம்பர் ஏலத்துல 10 கோடியே 75 லட்சத்துக்கு டெல்லி எடுத்தது. 2025-ல ரெண்டே ஆட்டத்துலதான் ஆடினார். 3 கோடி, 40 லட்சம், 10¾ கோடி. கை என்னவோ அதே இடது கைதான்! (கைதட்டல்)

சாய் சுதர்சன் கதை இதைவிட வேடிக்கை. உலகமே பார்க்கிற ஐ.பி.எல்.ல அப்போ அவர் விலை 20 லட்சமா இருந்துச்சு. 2023-ல நம்ம ஊர் டி.என்.பி.எல். ஏலத்துல கோவை அணி அவரை 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்தது. பெரிய கடையில மலிவு, பெட்டிக்கடையில கிராக்கி! அந்தப் பையன்தான் 2025 ஐ.பி.எல்.ல 759 ரன் எடுத்து எல்லாருக்கும் முதல்ல நின்னார்.

அம்மையார் ஒருவர், "அமெரிக்காவைப் பாருங்க, கூடைப்பந்துல எவ்வளவு துல்லியமா எடை போடுறாங்க"ன்னாங்க. பார்ப்போம்மா. அங்கே கைதூக்கி ஏலம் கேக்கறது இல்லை. ஆளுக்கு ஆள் மாத்திக்கிறது. நம்ம வீட்டுல பழைய பட்டுச்சேலையைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குற மாதிரி. 1996-ல சார்லட் அணி 17 வயசுப் பையன் ஒருத்தனை 13-வது ஆளாத் தேர்ந்தெடுத்துச்சு. லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ்கிட்ட அவனைக் கொடுத்துட்டு, விளாடே டிவாச்னு ஒரு அனுபவசாலியான நெட்டை வீரரை வாங்கிக்கிச்சு. கொடுத்துட்ட பையன் பேர் கோபி பிரையன்ட். 20 வருஷம் லேக்கர்ஸுக்கே ஆடி, அஞ்சு முறை பட்டம் வாங்கிக் கொடுத்தார். சார்லட்காரங்க முட்டாள்கள்னு நான் சொல்ல மாட்டேன். அன்னிக்கு அவங்களுக்கு வளையத்துக்குக் கீழே நிக்க உயரமான ஆள் தேவைப்பட்டுச்சு. அந்த மாற்று, சார்லட்டோட தேவையைத்தான் அளந்துச்சு; கோபியை அளக்கலை.

கபடிக்கு வர்றேன். 2022-ல தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தாங்க. அதுவரைக்கும் அந்தப் போட்டியில யாருக்கும் போகாத விலை. முதல் ஆட்டம், சில நிமிஷம், முழங்கால் போச்சு. அந்த வருஷம் முழுக்க அவர் ஆடலை. அணி அவ்வளவுதான்னு நாங்க டி.வி.யை அணைச்சோம். பாடிப்போக நரேந்தர்னு ஒரு புதுமுகம் வந்தான். 243 ரெய்டு புள்ளி எடுத்தான். தலைவாஸ் முதல் முறையா அரையிறுதிக்குப் போச்சு.

நடுவர் அவர்களே, ஏலத்தால ஏழைப் பையன் வீட்டுக்குப் பணம் வந்ததை நான் மறுக்கலை. நடராஜன் சொந்த ஊர்ல மைதானமே கட்டினார், வாழ்க! நான் பேச வந்தது விலை போகாத பையனைப் பத்தி.

என் அக்கா மகன் கபடி ஆடறான். வலது மூலையில நின்னு கணுக்காலைப் பிடிச்சான்னா விடமாட்டான். ஒரு போட்டிக்கான ஏலப் பட்டியல்ல அவன் பேர் இருந்துச்சு. குடும்பமே செல்போனைச் சுத்தி உட்கார்ந்திருந்தோம். பேர் வந்துச்சு, போட்டோ வந்துச்சு. ஒரு கையும் எழும்பலை. படத்து மேலேயே சிவப்பு எழுத்துல "அன்சோல்டு"ன்னு அடிச்சுட்டாங்க. காய்கறிக்கடைக்காரன்கூட மீந்த கத்திரிக்காய் மேல அப்படி எழுத மாட்டான்யா! (பலத்த கைதட்டல்)

அவன் ஒண்ணும் பேசலை, எழுந்து வெளியே போயிட்டான். எங்க அக்கா என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, எம்புள்ளைக்கு விலையே இல்லையா?"ன்னு கேட்டாங்க. நான் விசாரிச்சேன். இவன் பேர் வரும்போது ஒவ்வொரு அணியிலயும் வலது மூலைக்கு ரெண்டு ஆள் சேர்ந்தாச்சு. இவன் ஆட்டத்தை நேர்ல பார்த்தவங்க அந்த மேஜையில ஒருத்தர்கூட இல்லை. இதைச் சொன்னேன். அக்கா நம்பலை, தம்பி ஆறுதலுக்குச் சொல்றான்னு நினைச்சாங்க. பையன் ரெண்டு மாசம் மைதானத்துப் பக்கமே போகலை.

இப்போ போறான். அக்காதான் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. இதோ, மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. நடுவர் அவர்களே, தீர்ப்பைக் கொஞ்சம் அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க. (கைதட்டல்)