ஏரியும் ஒரு குடும்பமே

(சேலையூரில் கூடிய ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் சேலையூர், ஒரு காலத்தில் தன் ஏரியை நம்பிப் பயிர் செய்த ஊர். இன்று இது தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. ஏரி இருக்கிறது, அதன் ஆயக்கட்டு வீடுகளாகிவிட்டது. இம்மாறுதல் உங்கள் ஊர்களின் வாயிலிலும் வந்து நிற்பதால், இது ஏரியை என்ன செய்யும் என்பதை அறிந்துகொள்வது நன்று.

உயிர்கள் ஒன்றையொன்றும், நீர், மண், காற்று ஆகியவற்றையும் சார்ந்து வாழும் முறையை ஆராயும் கல்வி சூழலியல் எனப்படும். 1866-இல் ஜெர்மன் அறிஞர் ஹெக்கல் இதற்குப் பெயரிட்டபோது, ‘வீடு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டார். ஏரியையும் ஒரு வீடாக எண்ணிப் பாருங்கள். அவ்வீட்டில் உணவு சமைப்பவை பாசியும் நீர்ச்செடிகளும். சூரிய ஒளியே அவற்றின் அடுப்பு. அவ்வுணவை நுண்ணிய நீர்ப்பூச்சிகளும், அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களை விராலும் கொக்கும் உண்கின்றன. மடிந்தவற்றைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்து மீண்டும் உரச்சத்தாக்குகின்றன. ஒளியால் வந்த ஆற்றல் படிதோறும் குறைந்து, வெப்பமாகி அகன்றுவிடும். தழைச்சத்தும் மணிச்சத்துமோ எளிதில் அகல்வதில்லை. சுற்றிச் சுற்றி வரும்.

இதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். நம் செங்கற்பட்டுச் சீமையிலுள்ள வேடந்தாங்கலில், பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட மக்கள், பறவைகளைச் சுடுவோர்மீது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்றனர்.

எச்சம் உரமென்றால், ஏரியில் விழும் சாக்கடை நீரும் உரந்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அதுவும் உரமே. ஆனால் வேடந்தாங்கலில் அவ்வுரம் மதகு வழியே வயலுக்குச் சென்றது. நெல் அதனை உண்டது. ஆயக்கட்டு அழிந்த ஏரியில் உண்பதற்கு வயல் இல்லை. வரவு உண்டு, செலவு இல்லை. தேங்கிய சத்தை ஆகாயத்தாமரையும் பாசியும் உண்டு பெருகுகின்றன. அவை மடிந்து அழுகும்போது, நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவழித்துவிடுகின்றன. இரவில் ஒளியின்மையால் பாசி பிராணவாயுவை வெளிவிடாது. தானும் அதைச் சுவாசிக்கும். ஆகவே விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும். பின் செத்து மிதக்கும். கெண்டை மடிந்து, மேற்காற்றைக் குடித்து வாழவல்ல விரால் மட்டும் மிஞ்சினால், ஏரி நோயுற்றதென்று அறியலாம்.

நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், ஆகாயத்தாமரையை வாரி ஏரிக்கரையிலேயே குவித்தோம்; வேலை முடிந்ததென்று மகிழ்ந்தோம். மழை பெய்தது, அழுகிய குவியலின் சாறு ஏரிக்கே திரும்பியது. சில மாதங்களில் ஏரி மீண்டும் பச்சைப்பாய் விரித்தது. சாக்கடை வரவை அடைக்காமல் செடியை மட்டும் வாரியது என் பிழை. அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதையும் பின்னரே உணர்ந்தேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவதாக, வரவுக்கால்வாயை ஒருமுறை நடந்து பார்த்து, எங்கெங்கே கழிவுநீர் கலக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குளியல், சமையல் நீருக்கு வீடுதோறும் உறிஞ்சுகுழி அமைக்கச் செய்யுங்கள். கழிவுநீர் லாரிகள் கால்வாயில் கொட்டுவதைத் தடுங்கள். இரண்டாவதாக, ஆகாயத்தாமரையைப் பூப்பதற்கு முன்பே அகற்றி, கரைக்கு வெளியே மக்கச் செய்யுங்கள். மூன்றாவதாக, வயல் எஞ்சியிருக்கும் ஊர்களில் மதகையும் பாசனக்கால்வாயையும் பழுதுபார்த்து வையுங்கள். வயல் உண்ணும் வரை ஏரி வாழும்.

நம் ஏரிகளின் மிகுநீர் சென்று சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகக் கவனம் பெற்றது. மேலேயுள்ள ஊர் விடும் கழிவையே கீழேயுள்ள ஊரும் சதுப்பு நிலமும் பெறுகின்றன. அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, உங்கள் வரவுக்கால்வாயைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.