தொப்பிக் கோழி: எது சேவல், எது பெட்டை, எதை ஜோடி சேர்க்கலாம்?

போன வருஷம் நான் ஒரு ஜோடி போலிஷ் கேப் குஞ்சு வாங்கினேன். தலையில பஞ்சு மிட்டாய் வெச்ச மாதிரி இறகு இருக்குமே, அந்தக் கோழிதான். அப்போ அதுங்களுக்கு ஒரு மாசம்தான் இருக்கும். "இது சேவல், இது பெட்டை, கண்டிப்பா ஜோடிதான் தம்பி"னு விற்றவர் சொன்னார். நாலாவது மாசம், விடியற்காலை நாலரை மணிக்கு ஒன்னு கூவுச்சு. அடுத்த வாரம் "பெட்டை"யும் கூவுச்சு! கீழ் வீட்டு அங்கிள் முகத்தை என்னால பார்க்க முடியல.

முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் படிச்சுப் பார்த்தா, ஒரு மாசக் குஞ்சுல உறுதியாச் சொல்றதே கஷ்டம். நாட்டுக்கோழின்னா கொண்டை பெருசாகி, சிவக்கிறதைப் பார்த்துச் சேவலைக் கண்டுபிடிப்போம். போலிஷுக்குக் கொண்டை இங்கிலீஷ் 'வி' எழுத்து மாதிரி ரெண்டு சின்னக் கொம்புதான். அதுவும் இறகுத் தொப்பிக்குள்ள மறைஞ்சிடும்.

அதனால தொப்பியையே பாருங்க. பெட்டையோட தொப்பி உருண்டையா, பந்து மாதிரி இருக்கும். சேவலோடது ஒல்லியா, நுனி கூரா, வாராத தலைமுடி மாதிரி பின்னாடி சரிஞ்சு விழும். ரெண்டு மாசத்துல லேசா தெரிய ஆரம்பிக்கும். மூனு, நாலு மாசத்துல கழுத்து இறகையும், வால் பக்கத்து முதுகு இறகையும் சேர்த்துப் பாருங்க. கூரா இருந்தா சேவல், வட்டமா இருந்தா பெட்டை.

ஏன் இந்த வித்தியாசம்? பெட்டையோட ஈஸ்ட்ரோஜன்தான் இறகு நுனியை வட்டமாக்குது. அது இல்லைன்னா கோழியோட இறகு தானாவே கூராத்தான் வளரும். தொப்பியும் இறகுதானே, அதுக்கும் அதே விதி. தொப்பி இருக்கா இல்லையாங்கிறதுல ஆண், பெண் பேதம் கிடையாது, வடிவத்துலதான் வித்தியாசம். நம்ம பாஷையில சொன்னா, டேட்டா வர்றதுக்கு முன்னாடி ரிசல்ட் கேட்டது என் தப்பு.

சரி, ஒரு சேவலைக் கொடுத்துட்டு வளர்ந்த பெட்டை ஒன்னு வாங்கினேன். அடுத்த தப்பு அங்கதான். இருக்கிறதுலயே பெரிய தொப்பியாப் பார்த்து வாங்கினேன். என் சேவலுக்கும் பெரிய தொப்பி. போலிஷ் பெட்டை பெரும்பாலும் அடை உட்காராது. அதனால அம்மாவோட நாட்டுக்கோழி அடையில, அதோட முட்டைகளோட சேர்த்து வெச்சோம். இருபத்தோராம் நாள் எல்லாம் பொரிஞ்சுது. போலிஷ் குஞ்சுகளுக்குத் தலையில பிறக்கும்போதே ஒரு மேடு. பார்க்க அவ்ளோ அழகு!

ஆறாம் நாள் ஒரு நாட்டுக்குஞ்சு அந்த மேட்டைக் கொத்துச்சு. ரத்தம்கூடப் பெருசா வரலை. சாயங்காலம் குஞ்சு செத்துப்போச்சு.

அந்த மேடு வெறும் இறகு இல்லீங்க. உள்ள மண்டையோடே குமிழ் மாதிரி எழும்பியிருக்கும், சிலதுல எலும்பு முழுசா மூடாம ஓட்டை இருக்கும். இந்த இனத்தோட மண்டையோட்டுல ஓட்டைகள் இருக்குறதை டார்வின் 1868-லயே எழுதியிருக்கார். எனக்குத்தான் 2 கிராம் இறகுக்குக் கீழ என்ன இருக்குன்னு யோசிக்கத் தோணலை.

இப்போ நான் ஜோடி சேர்க்கிற கணக்கு வேற. முதல்ல, பறவைக்குக் கண்ணு தெரியுதா? பக்கத்துல கையை மெதுவா அசைச்சா திரும்புதா? தீனியைத் தானா கண்டுபிடிக்குதா? கால் நேரா இருக்கா? இதெல்லாம் சரின்னா அப்புறம் தொப்பி: ரெண்டாப் பிளக்காம, ஒரு பக்கம் சாயாம இருந்தா போதும். இனப்பெருக்க நேரத்துல கண்ணை மறைக்கிற இறகை வெட்டிவிடுறேன். சேவலுக்குப் பெட்டையே தெரியலைன்னா முட்டையில கரு எப்படி வரும்? தொப்பி நனைஞ்சா துடைச்சுக் காய வெச்சு, பேன் இருக்கான்னு பார்க்கிறேன். போலிஷ் குஞ்சுகளுக்குத் தனிக் கூண்டு.

வாங்கப் போறவங்களுக்கு ஒரே வார்த்தை: நாலு மாசம் ஆன பறவையா வாங்குங்க. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா எது சேவல்னும் தெரியும், அதுக்குக் கண்ணு தெரியுதான்னும் தெரியும்.

உங்க வீட்டு மாடியிலயும் இப்படிக் கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!